டை விலை தெரிகிறது, போகிற செம்பு தெரிவதில்லை

கேபிள் தொழிற்சாலையில் செலவைக் குறைக்கச் சொன்னால் கொள்முதல் பிரிவு முதலில் கை வைப்பது டையிலும் ட்ராயிங் ஆயிலிலும்தான். டை என்பது கம்பியை இழுத்து மெலிதாக்கும் துளை அச்சு, இப்படிப் பல டைகளை வரிசையாக வைத்திருப்போம். ட்ராயிங் ஆயில் அப்போது உராய்வையும் சூட்டையும் குறைக்க ஓடும் எண்ணெய். ஒன்றை ஒருவரிடம், மற்றதை இன்னொருவரிடம், யார் குறைவாகச் சொல்கிறாரோ அவரிடம் வாங்கிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன், பைன்டவுன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ட்ராயிங் பிரிவில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தச் சிக்கன வாங்கலின் பலனை மெஷின் பக்கத்தில் நின்று அனுபவிக்கிறவர்கள் நீங்கள்தானே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பிக்கு ஐஇசி 60228 என்ற சர்வதேசத் தரம் விதிப்பது மின்தடை வரம்பு: 20 டிகிரி செல்சியஸில் கிலோமீட்டருக்கு 7.41 ஓமுக்கு மேல் போகக் கூடாது. நன்றாக அனீல் ஆன (சூடேற்றி மென்மையாக்கிய) செம்பு என்றால் 1.72 மில்லிமீட்டர் விட்டமே அந்த வரம்பைத் தொட்டுவிடும். கடைசி டை தேய்ந்து விட்டம் ஒரு சதவீதம் கூடினால் எடை இரண்டு சதவீதம் கூடும். கிலோமீட்டருக்குச் சுமார் 400 கிராம் செம்பு. ஒரு ஷிஃப்டில் 200 கிலோமீட்டர் ஓடினால் 80 கிலோ. வாடிக்கையாளர் இதற்கு ஒரு ராண்ட்கூடத் தரமாட்டார். டெஸ்ட் ரூமும் எச்சரிக்காது. கம்பி தடிக்கத் தடிக்க மின்தடை இன்னும் நன்றாகவே பாஸ் ஆகும்! அதனால்தான் இந்த நஷ்டம் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே ஃபினிஷிங் டையில், அதாவது கடைசி டையில், கஞ்சத்தனம் வேண்டாம். செம்புக்கு டங்ஸ்டன் கார்பைடைவிட பிசிடி (வைரத் துகள்களைச் சேர்த்துச் செய்த டை) பல மடங்கு உழைக்கும். ஆனால் எல்லா பிசிடியும் ஒன்றல்ல. வைரத் துகள் பெரிதாக இருந்தால் தேய்மானம் குறைவு, கம்பியின் மேற்பரப்பு சுமார். துகள் சிறிதாக இருந்தால் கம்பி பளபளக்கும், டை சீக்கிரம் தேயும். 8 மில்லிமீட்டர் ராடை (இழுக்க வரும் தடித்த கம்பியை) மெலிதாக்கத் தொடங்கும் முதல் டைகளுக்குப் பெரிய துகள், கடைசி டைக்குச் சிறிய துகள் என்று பிரித்துக் கேளுங்கள். விலையை டைக்கு இத்தனை ராண்ட் என்று ஒப்பிடாமல், மறுபாலிஷ் செலவையும் சேர்த்து, ஒரு டை அளவுக்குள் நின்று எத்தனை டன் கம்பி இழுத்தது என்று பாருங்கள்.

டைத் துளையின் உட்சரிவுக் கோணமும் கேட்டு வாங்க வேண்டியதே. செம்புக்கு மொத்தக் கோணம் 16 முதல் 18 டிகிரி வரை பொதுவாகச் சரிப்படும். அலுமினியத்துக்குக் கொஞ்சம் கூட, ஸ்டீலுக்கு 12 டிகிரி அளவில். கோணம் குறுகினால் உராய்வும் சூடும் ஏறும். விரிந்தால் கம்பியின் நடுவில் உள்வெடிப்பு வரும். வெளியே ஒன்றும் தெரியாது, அடுத்த மெஷினில் போய் அறும்.

அறுவது என்றதும் நினைவுக்கு வருகிறார் எங்கள் டை ஷாப்பில் பாலிஷ் செய்யும் சாட்ஸ்வர்த் அண்ணன். ஏழாவது டையில் அறுந்தது என்று ஏழாவது டையோடு போய் நின்றால், “அறுந்த எடத்த ஏன் பாக்குறே தம்பி, அதுக்கு முந்தினத கழட்டு” என்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி. ஆறாவது டை தேய்ந்து பெருத்தால் ஏழாவது தன் பங்குக்கு மேல் கம்பியைக் குறைக்க வேண்டியிருக்கும், இழுவை ஏறும், அங்கே அறும். செட்டில் ஒரே ஒரு டையை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி எண்ணெய். எண்ணெய் என்கிறோமே தவிர, செம்புக்கு ஓடும் எமல்ஷனில் (எண்ணெயும் தண்ணீரும் கலந்த கலவை) பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சப்ளையரிடம் கன்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத மூல எண்ணெய்) பற்றி அரை மணி நேரம் பேசுவோம், தண்ணீரைப் பற்றிக் கேட்கவே மாட்டோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானபின் அந்தப் பகுதி மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. இப்படித் தட்டுப்பாடு வரும்போது ஜோஜோ டேங்கை (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) போர்வெல் தண்ணீரால் நிரப்பி அதையே எமல்ஷனிலும் ஊற்றுவார்கள். கடினத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் எமல்ஷனின் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகும். அந்தக் கசடு செம்புத் தூளைப் பிடித்துக்கொண்டு டை வாயில் அடைக்கும். பழி டை விற்றவன் மேல் விழும்.

எமல்ஷனில் எண்ணெய் எத்தனை சதவீதம் என்பதை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்து அளக்கும் கருவி) மட்டும் பார்ப்பதும் போதாது. மெஷினிலிருந்து கசியும் கியர் ஆயிலும் ரீடிங்கை உயர்த்தும். 8 சதவீதம் காட்டும்போது உள்ளே உருப்படியான எண்ணெய் 5 இருக்கலாம். வாரம் ஒருமுறை டைட்ரேஷன் (ரசாயனச் சோதனை) செய்யுங்கள். பிஹெச் 8-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா வளர்கிறது என்று சந்தேகப்படலாம்.

நம் ஊர் டிசம்பர் லீவு இதற்கென்றே வந்ததுபோல. கடும் வெயில் காலத்தில் மூன்று வாரம் பம்ப் நின்றால், காற்றுப் படாத தொட்டியில் எமல்ஷன் அழுகி, ஜனவரியில் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 2023-இல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது இதே கதை சின்ன அளவில் தினமும் நடந்தது. லீவுக்குமுன் தூளை வடித்து, மிதக்கும் எண்ணெயை அள்ளிவிட்டு, பம்ப் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட டைமர் வையுங்கள். பயோசைடை (கிருமிகொல்லி) அளவுக்கு மேல் கொட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கம்பியை டைகளில் கோக்க (ஸ்ட்ரிங் செய்ய) வெறுங்கையை எமல்ஷனில் விடுகிறவர்களுக்குத்தான் அரிப்பும் கொப்பளமும் வரும்.

எண்ணெயை மாற்றினால் கம்பியைச் சூடேற்றி மென்மையாக்கும் அனீலரையும் பாருங்கள். டையில் அருமையாக வழுக்கும் எண்ணெய் கம்பியோடு ஒட்டிக்கொண்டு போய் அனீலரில் கருகி, கம்பியைக் கறுப்பாக்குவது உண்டு. எனாமல் பூசும் கம்பிக்கு அது ஆகவே ஆகாது.

செம்புக்குச் சரிப்பட்டது மற்றதற்குச் சரிப்படாது. அலுமினியத்துக்குப் பெரும்பாலும் தண்ணீர் கலக்காத எண்ணெய்தான். இங்கே மண்ணில் புதைக்கும் கேபிள்களுக்குப் பாதுகாப்பாகச் சுற்றும் ஆர்மர் கம்பியின் ஸ்டீலுக்குக் கார்பைடு டையும் கால்சியம் அல்லது சோடியம் சோப்புப் பொடியும். அடுத்துக் கம்பியைக் கழுவ வேண்டுமானால் தண்ணீரில் கரையும் சோடியம் சோப்பே வசதி.

பழைய எமல்ஷனை என்ன செய்வது என்பதையும் வாங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். செம்பு கலந்த அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிட முடியாது. டர்பன், பைன்டவுன் பக்கம் என்றால் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு எத்தெக்வினி மாநகராட்சியின் அனுமதி வேண்டும். லாரி வைத்து எடுத்துப்போகும் செலவையும் லிட்டர் விலையோடு கூட்டினால், மலிவு என்று வாங்கிச் சீக்கிரமே கொட்ட வேண்டிவரும் எண்ணெயின் நிஜ விலை தெரியும்.