சந்திப் பிழை பார்ப்பதற்கு முன்

நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும், அதற்குள் நூல் அச்சாகி வந்துவிட வேண்டும், அட்டைப்படம்கூடத் தயாராகிவிட்டது, “கதையெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சந்திப் பிழை மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்” என்பார்கள். கொங்குப் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அப்படித்தான் ஒருமுறை ஒரு நாவலை அனுப்பினார். கிணற்றுப் பாசனம் வற்றிப்போன ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. இலக்கணம் கற்பித்தவர் என்பதால் ஒற்றுகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. திருத்துவதற்கு எனக்கு அதிக வேலை இல்லை. ஆனால், முதல் நாற்பது பக்கங்களிலும் ஊரின் வரலாறும் குலதெய்வத்தின் வரலாறும் சாதிக்கொரு தெருவாக வருணனையுமே இருந்தன. மூத்த மகன் மோட்டாரை விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பும் காட்சி 41ஆம் பக்கத்தில் வந்தது, நாவலும் அங்கேதான் தொடங்கியது. இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஏனுங்க, அப்படீன்னா நாப்பது பக்கமும் வேண்டாங்களா?” என்று கேட்டார். அந்தக் குரலை இன்னும் நான் மறக்கவில்லை.

தமிழில் ‘எடிட்டிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேலைகளைத் திணித்து வைத்திருக்கிறோம், குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. கைப்பிரதியை முழுமையாகப் படித்து, அதன் கட்டமைப்பு, கதைமாந்தர், காலவோட்டம், சொல்முறை ஆகியவற்றில் எது நிற்கிறது, எது சரிகிறது என்று எழுதித் தருவது மதிப்பீட்டு அறிக்கை. அந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு எழுத்தாளர் திருத்தி எழுதிய பிறகு, பத்தி பத்தியாக, வாக்கியம் வாக்கியமாக உடன் அமர்ந்து செய்வது செம்மையாக்கம். சிலர் இதைப் பிரதி மேம்பாடு என்பார்கள். பக்கங்கள் வடிவமைக்கப்பட்டு அச்சுக்குப் போகும் நிலையில் எழுத்துப் பிழை, ஒற்று, விடுபட்ட வரி, தலைகீழான பக்க எண் ஆகியவற்றைப் பிடிப்பது மெய்ப்புப் பார்த்தல். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மெய்ப்புப் பார்ப்பவரிடமே முதலில் போய்ப் பணத்தைச் செலவழித்துவிட்டு, பிறகு அத்தியாயங்களையே நீக்க நேர்ந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். நீக்கப்போகும் அத்தியாயத்துக்கு ஒற்றுப் போடுவது, இடிக்கப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பதுதான்.

வெளியிடும் முன் ஒரு படைப்பை இன்னொருவர் பார்வைக்கு வைப்பது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்ற புலவருக்கு ‘அரில்தப’, அதாவது குற்றமற, விளக்கிக் காட்டப்பட்ட பிறகே தொல்காப்பியம் வெளிவந்தது என்று அதன் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றம் என்பது மாலை மரியாதைக்கான விழா அன்று. கேள்வி கேட்கக் கூடியவர்கள் முன்னால் நூலாசிரியர் நின்று பதில் சொன்ன இடம் அது. அச்சு வந்த பிறகு நாம் அந்தச் சபையை மறந்து மாலையை மட்டும் வைத்துக்கொண்டோம். 1974இல் தொடங்கிய க்ரியா போன்ற ஒரு சில பதிப்பகங்கள் செம்மையாக்கத்தைப் பதிப்புப் பணியின் நடுநாயகமாகக் கருதின என்றாலும், பொதுவாகத் தமிழ்ப் பதிப்புலகில் ஒரு கைப்பிரதியை அச்சுக்கு முன் முழுக்கப் படிக்கிற ஒரே ஆள் மெய்ப்புத் திருத்துநராகவே இருந்துவந்திருக்கிறார். அவருக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கதையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை.

மதிப்பீட்டு அறிக்கையில் என்ன இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் நன்னூலின் பாயிரத்தைத்தான் காட்டுவேன். 13ஆம் நூற்றாண்டையொட்டிப் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்தவை, இன்றைய நாவலுக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் கட்டுரைத் தொகுப்புக்கும் அப்படியே பொருந்துவதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று நீளும் அந்தப் பட்டியலில், சமூக ஊடகத்தில் வாரம் ஒரு பகுதியாக எழுதிப் பின்னர் தொகுத்து அனுப்பப்படும் நாவல்களின் நோய் ‘கூறியது கூறல்’. போன வாரம் படிக்காதவர்களுக்காக ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் நாயகி யார், அவள் அப்பா ஏன் ஊரை விட்டுப் போனார் என்று எழுதியது அப்போது தேவையாக இருந்திருக்கும். புத்தகமாகப் படிக்கிறவர் அதை இருபதாவது முறையாகச் சந்திக்கும்போது தம் நினைவாற்றலை நூலாசிரியர் சந்தேகிக்கிறார் என்றே நினைப்பார். தலைமையாசிரியரின் நாற்பது பக்கங்கள், சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிக்கும் ‘மற்றொன்று விரித்தல்’. ஆனால், என் மேசைக்கு மிக அதிகமாக வருவது ‘சென்றுதேய்ந்து இறுதல்’. முதல் நூறு பக்கங்களை இரண்டு ஆண்டுகள் செதுக்கியவர், கடைசி ஐம்பது பக்கங்களை ஒரு மாதத்தில் ஓட்டி முடித்திருப்பார். விபத்து, மாரடைப்பு, திடீர் வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றில் ஒன்று கதையை முடித்து வைக்கும். எழுதியவருக்கு இது தெரியாமல் இல்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் அவர் சந்திப் பிழை மட்டும் பார்க்கச் சொல்கிறார் என்று சில நேரம் எனக்குத் தோன்றுவதுண்டு.

குற்றங்களோடு அழகுகளையும் பத்தாக நன்னூல் சொல்கிறது. அவற்றுள் ‘உலகம் மலையாமை’, அதாவது உலக வழக்கோடு முரண்படாமை, என்பதைத் தகவல் சரிபார்ப்பு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1950இல் நடக்கும் காட்சியில் கடைக்காரர் இருபத்தைந்து பைசா மீதி கொடுக்க முடியாது. தசம நாணயம் 1957 ஏப்ரலில்தான் வந்தது, அதுவரை அணாதான். 1965இல் நடக்கும் காட்சியில் ஒரு பாத்திரம், சென்னை மாநிலத்தின் பெயர் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு என்று மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. தமிழ்நாடு என்ற பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14இல். இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால், அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு வாசகர் அணாவைக் காணாத இடத்தில் கதையையும் நம்பாமல் போய்விடுகிறார்.

எப்போது கைப்பிரதியைக் கொண்டுவர வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில், உங்களால் இனித் தனியாக ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றும்போது என்பதே. முதல் வரைவு முடிந்த அன்றே அனுப்பாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு, பிறகு தாளில் அச்செடுத்து, முடிந்தால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீங்களே கண்டுபிடிக்கக் கூடியவற்றைக் கண்டுபிடிக்க எனக்குப் பணம் தருவானேன்? அனுப்பும்போது யூனிகோட் எழுத்துருவில், பக்க எண்ணோடு, ஒரே வேர்டு கோப்பாக அனுப்புவது நல்லது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறி, உங்கள் பிழை எது, மாற்றியின் பிழை எது என்று பிரிக்கவே இரண்டு நாள் போய்விடுகிறது.

குடும்பத்தாரும் நண்பர்களும் சொல்லும் கருத்து வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் அவர்கள் உங்களைப் படிக்கிறார்கள், கைப்பிரதியைப் படிப்பதில்லை. உங்கள் அக்காவுக்கு அந்தப் பாட்டி யார் என்று தெரியும். ஆகவே பாட்டியைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டதையும் சேர்த்தே படித்துவிட்டு, அருமை என்பார். யாரிடம் கொடுத்தாலும், “எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு எழுந்து போனீர்கள், எந்தப் பெயரைப் பார்த்ததும் இவர் யார் என்று பின்னால் புரட்டினீர்கள், முடிவை எந்தப் பக்கத்தில் ஊகித்தீர்கள் என்று கேட்டால், பழக்கமில்லாத வாசகர்கூடப் பயனுள்ள பதில் சொல்வார். என்னிடம் வருபவர்களிடமும், உங்களுக்கு ஐயமுள்ள மூன்று இடங்களை எழுதி அனுப்புங்கள் என்றே முதலில் கேட்கிறேன். அந்த மூன்றில் குறைந்தது இரண்டு பெரும்பாலும் என் அறிக்கையிலும் வந்துவிடும்.

தொழில்முறையாகக் கருத்துச் சொல்பவரைத் தேர்ந்தெடுப்பதில் எச்சரிக்கை தேவை. அவர் முன்பு பணிபுரிந்த நூல்கள் எவை என்று கேளுங்கள். கவிதைத் தொகுப்புகளைச் செம்மையாக்கியவர் சட்டநூலுக்கும் பொருந்துவார் என்று சொல்ல முடியாது. பத்துப் பக்கங்களைப் பார்த்து மாதிரி செய்து தரச் சொல்வதில் தவறில்லை, அதற்கு அவர் கட்டணம் கேட்பதிலும் தவறில்லை. அறிக்கை எத்தனை பக்கம், எத்தனை நாள், அதன் பிறகு ஒருமுறையாவது உரையாட நேரம் தருவாரா, கட்டணம் சொற்கணக்கிலா பக்கக்கணக்கிலா என்பவற்றைத் தொடங்கும் முன்பே எழுத்தில் பேசிவிட வேண்டும். அறுபதாயிரம் சொற்கள் கொண்ட ஒரு நாவலை நான் இரண்டு முறை படிக்கிறேன், முதல் முறை பேனா இல்லாமல். அறிக்கை எழுதி முடிக்க மூன்று நான்கு வாரங்கள் ஆகின்றன. இரண்டே நாளில் அறிக்கை தருவதாகச் சொல்பவர் படிக்கவில்லை என்றுதான் பொருள். அண்மையில் ஒருவர் வேறோரிடத்தில் பணம் கட்டி வாங்கிய அறிக்கையை எனக்குக் காட்டினார். ‘பாத்திரப் படைப்பில் ஆழம் கூட்டலாம், நடை சிறப்பு, சில இடங்களில் தொய்வு’ என்று இரண்டு பக்கம் இருந்ததே தவிர, ஒரு பாத்திரத்தின் பெயரோ ஒரு பக்க எண்ணோ அதில் இல்லை. இறுதியில் நூலை அச்சிட்டு வெளியிடும் கட்டணத் திட்டம் மட்டும் விரிவாக இருந்தது. எந்த நாவலுக்கும் பொருந்தக்கூடிய அறிக்கை எந்த நாவலையும் படித்து எழுதப்பட்டதாக இருக்க முடியாது. பரிசு வாங்கித் தருவதாகவோ குறிப்பிட்ட பதிப்பகத்தில் நிச்சயம் வெளியாகும் என்றோ உறுதியளிப்பவர்களிடமிருந்தும் விலகிவிடுங்கள். அந்த உறுதியை அளிக்கும் அதிகாரம் எந்தச் செம்மையாக்குநருக்கும் கிடையாது.

கைப்பிரதியைக் கொடுத்தால் திருடிவிடுவார்களோ என்ற அச்சத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு செய்துகொள்வது சான்றுக்கு உதவுமே தவிர, அது கட்டாயமன்று. செம்மையாக்கியவர் எத்தனை வரிகளை மாற்றினாலும் கூலி பெற்ற காரணத்தால் நூலாசிரியர் ஆகிவிட மாட்டார். பதிப்புரிமையை ஒப்படைப்பது எழுத்தில், கையொப்பத்தோடு மட்டுமே செல்லும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஆகவே, அறிக்கை தருவதற்கான ஒப்பந்தத்தில் உரிமையை ஒப்படைக்கும் வரி ஏதும் வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பிய நகலைப் பாதுகாத்து வைத்தாலே அனுப்பிய தேதியைக் காட்டச் சான்று இருக்கும்.

அறிக்கை வந்த இரவே பதில் எழுதாதீர்கள் என்பது நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒன்று. கோபம் வருவது இயல்பு. ஒரு வாரம் கழித்துப் படித்தால் அதே அறிக்கை வேறாகத் தெரியும். எல்லாவற்றையும் அப்படியே ஏற்பவர்களும் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறார்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ஒரு பெண்ணின் கைப்பிரதியில், முதல் அத்தியாயத்தின் ஆறாம் பக்கத்தில் நான் தடுமாறினேன். பாத்தியும் உப்பு வாருதலுமாக வரும் தொழிற்சொற்களை அடிக்குறிப்பில் விளக்கலாம் என்று எழுதியிருந்தேன். அவர் மறுத்துவிட்டார். “புரியாதவங்க ரெண்டு பக்கம் தள்ளிப் போனா தானாப் புரிஞ்சுக்கிடுவாங்க” என்றார். ஆனால், ஆறாம் பக்கத்தை அவர் விட்டுவிடவில்லை. நான் ஏன் அங்கே தடுமாறினேன் என்று தாமே திரும்பப் படித்து, மூன்று தொழிலாளர்களை ஒரே பத்தியில் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியிருப்பதைக் கண்டுபிடித்தார். இருவரை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளினார். தொழிற்சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை, அடிக்குறிப்பும் இல்லை, நான் மீண்டும் படித்தபோது எங்கும் நிற்கவில்லை. என் அறிக்கையை நான் விரும்புவதுபோலப் பயன்படுத்தியவர்களுள் அவர் ஒருவர். நான் சொன்ன மருந்தை அவர் தொடவேயில்லை.

தலைமையாசிரியர் அந்த ஜனவரியில் நூலை வெளியிடவில்லை. அட்டைப்படத்துக்குக் கொடுத்த முன்பணம் போனதில் அவருக்கு வருத்தம்தான். ஆடி மாதத்தில் மூன்றாவது வரைவு வந்தது. மூத்த மகன் மோட்டாரை விற்றுவிட்டுத் திரும்பும் காட்சியில் நாவல் தொடங்கியது. பழைய நாற்பது பக்கங்களில் ஒரே ஒரு பத்தி, வற்றிய கிணற்றுக்குள் குலதெய்வத்தின் கல்லை இறக்கி வைத்த கதை, ஒன்பதாம் அத்தியாயத்தில் தாத்தாவின் வாய்மொழியாக வந்திருந்தது. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கோப்போடு ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: “இப்பொழுது சந்திப் பிழை பார்க்கலாமல்லவா?” பார்த்தோம். மொத்தம் பதினேழு இருந்தன.