எரியாமல் நிற்கும் ஸ்கோர் போர்ட்தான் முதலில் பழுதாகும்

திருகோணமலையில் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுனர் போட்டிகள் பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை நடக்கும். அதற்கு முந்திய மாதங்கள் மாரி. ஐப்பசியில் பிடிக்கும் மழை மார்கழி முடியும்வரை வாடைக்காற்றோடு சேர்ந்து மைதானத்தை அடிக்கும். அவ்வளவு காலமும் ஓட்டப் பாதை ஓரத்து எல்.இ.டி ஸ்கோர் போர்ட் அணைந்தபடியே நிற்கும். போட்டி நெருங்கியதும் யாரோ சாவியைத் தேடிப் பிடித்து, பெட்டியைத் திறந்து பிரேக்கரைத் தூக்குவார்கள். பாதி எரியும், பாதி எரியாது. சில இடங்களில் ட்ரிப் சுவிட்ச் உடனேயே விழும். அப்புறம்தான் போர்ட் பூட்டித் திருத்தும் எங்களுக்கு அழைப்பு வரும். "தம்பி, போன வருசம் நல்லா வேலை செய்த போர்ட். ஒருத்தரும் கை வைக்கேல்லை. எப்படிப் பழுதாகும்?"

ஒருத்தரும் கை வைக்காததால்தான் பழுதானது. இந்தத் தொழிலில் நான் அதிகம் சொல்லியிருக்கும் பதில் இதுதான்.

போர்ட் எரியும்போது உள்ளே சூடு இருக்கும். வெளிக்காற்றைவிடச் சில பாகை கூடுதலாக இருந்தாலே ஈரம் தங்காது. அணைந்து கிடக்கும் போர்டில் இரவுக் குளிருக்கு நீர் படியும். மழை உள்ளே போகாவிட்டாலும் இது நடக்கும். அதோடு எங்கள் ஊரில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரியில் சமையலறை உப்புப் போத்தல் கசிவதும் இதனால்தான். கடற்காற்று கொண்டுவந்து மொடியூலின் (எல்.இ.டிகள் பதித்த பலகை; பல சேர்ந்ததே போர்ட்) முதுகில் அப்பிய உப்புத் தூளும் அப்படியே கசிந்து, மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறும். இணைப்பு ஊசிகள் பச்சை பிடிக்கும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால், போகக்கூடாத வழியெல்லாம் போகும்.

மருந்து பெரிய செலவில்லை. மாரிக் காலத்தில் கிழமைக்கு ஒரு நாளாவது, மழை விட்ட நேரம் பார்த்து, இரண்டு மூன்று மணித்தியாலம் போர்டை எரிய விடுங்கள். பல மாதம் கிடந்த போர்டை ஒரேயடியாக முழு வெளிச்சத்தில் வெள்ளை நிறம் போட்டு எழுப்பாதீர்கள். முதலில் பின்கதவைத் திறந்து உலர விடுங்கள், மேசை ஃபேன் வைத்தாலும் சரி. பிறகு மிகக் குறைந்த வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பாடசாலையில் இதை யாருடைய பெயரிலாவது எழுதிவைக்க வேண்டும். "எல்லாரும் பார்ப்பம்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

இனி வாங்கும் கதைக்கு வருவோம். பழைய மாணவர் சங்கம் காசு சேர்க்கும், பாதி வெளிநாட்டிலிருந்து வரும். மூன்று விலைமனு எடுப்பார்கள். எத்தனை அடி, சதுர அடி என்ன விலை, படம் ஓடுமா? பேச்சு இதோடு முடிந்துவிடும். நான் பார்த்த விலைமனுக்களில் கம்பம், அத்திவாரம், புவித்தொடுப்பு (ஏர்த்) மூன்றும் ஒரே வரியில், "பூட்டும் செலவு" என்று போய்விடும். போர்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த ஒரு வரிதான்.

படம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று நெருக்கமான புள்ளி கேட்கிறார்கள். 400 மீற்றர் நியமப் பாதை, ஒரு வளைவின் கோடியிலிருந்து மறு வளைவின் கோடிவரை நேராக அளந்தால், ஏறத்தாழ 175 மீற்றர். முடிவுக்கோட்டுப் பக்கம் நிற்கும் போர்டை எதிர் மூலையில் இருக்கும் பிள்ளை 150 மீற்றருக்கு அப்பாலிருந்து பார்க்கிறது. அந்தத் தூரத்துக்குப் புள்ளி நெருக்கம் உதவாது, இலக்கத்தின் உயரம்தான் உதவும். பி10 எனப்படும் மொடியூல் 320க்கு 160 மில்லிமீற்றர். அதில் 32க்கு 16 புள்ளிகள். மேலும் கீழும் இரண்டு அடுக்கினால் ஓரடிக்குச் சற்று உயரமான இலக்கம் வரும். ஓட்ட நேரம் காட்ட அது போதும். மிச்சக் காசைப் பின்பக்கத்துக்குச் செலவழிக்கலாம்.

பின்பக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் அளவை ஐ.பி. என்று எண்ணால் சொல்வார்கள். வெளிப்புற மொடியூலின் முகம் பெரும்பாலும் ஐ.பி.65 தரம், நீர் பீய்ச்சினாலும் தாங்கும். பல மலிவான பெட்டிகளின் முதுகு ஐ.பி.54தான், நீர் தெறிப்பதை மட்டும் தாங்கும். எங்களுக்கு மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. போர்ட் தெற்கைப் பார்த்து நின்றால் பலவீனமான முதுகில் அடி விழும். வடக்கைப் பார்த்தபடி மைதானத்தின் தென்கோடியில் நிறுத்தினால் மழை முகத்தில் விழும். தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் முகத்தில் நேர் வெயிலும் படாது. மேற்கைப் பார்த்த போர்டோ, பரிசளிப்பு நடக்கும் பின்னேரத்தில் வெயிலில் வெளிறிப்போகும். மைதானத்துக்கு மைதானம் வசதி மாறும்தான். ஆனால் "வீதியில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்" என்று திசையை முடிவு செய்வது நல்ல யோசனையில்லை.

காற்றைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1964 மார்கழிப் புயலை அப்பாக்கள், அப்பப்பாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2000 மார்கழியிலும் ஒன்று வந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி கரையேறியது குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில். நாலு மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் உயரம் உள்ள போர்டைக் கணக்கெடுங்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று அதை நேராக அடித்தால் தள்ளும் விசை 500 கிலோ எடையையும் தாண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. அது கம்பத்தின் உச்சியில் நின்று நெம்புகிறது, கீழே இருப்பதோ மணல். இந்த அத்திவாரத்தை மேசன் கண் அளவில் வெட்டக்கூடாது, பொறியியலாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். போர்டுக்குக் கீழே பிள்ளைகள்தான் நிழலுக்கு நிற்கிறார்கள்.

நட், போல்டுக்கு வருவோம். கல்வனைஸ் செய்த கம்பத்தை நிறுத்திவிட்டு அதில் துளை போட்டால், துளையின் விளிம்பில் நாகப் பூச்சு போய்விடும்; அங்கேதான் முதல் துரு. துளைகளைப் போட்ட பிறகு கல்வனைஸுக்கு அனுப்ப வேண்டும். அலுமினியப் பெட்டியில் ஸ்டெயின்லெஸ் போல்டை வெறுமனே முறுக்கினால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து பற்றரி போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். போல்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் அடையாளம். இரண்டு உலோகமும் தொடாதபடி இடையில் நைலோன் வாஷர் போட்டால் இது வெகுவாகக் குறையும். போல்டும் 316 தரமாக இருக்கட்டும், 304 எங்கள் கடற்கரையில் சீக்கிரம் பழுப்பேறிவிடும்.

சிலிக்கன் பூசுவதில் ஒரு விசயம். பெட்டியின் இடுக்குகளை அடைக்கக் கடையில் மலிவான குழாயை வாங்கி வருவார்கள். பூசும்போது வினாகிரி மணம் வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். அந்த வகை காயும்போது அசற்றிக் அமிலம் விடும். மூடிய பெட்டிக்குள் அது செம்பையும் இணைப்புகளையும் அரிக்கும். மின்சாரப் பொருளுக்கு மணம் இல்லாத நடுநிலை வகை இருக்கிறது. விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பெட்டியை முழுவதுமாக அடைக்கவும் கூடாது. அடியில் நீர் வடியச் சிறு துளையும், பூச்சி போகாத வலையும் வேண்டும். பவர் சப்ளைக்குள் போய்ப் படுத்து, தானும் செத்து போர்டையும் அணைக்கும் பல்லிகளை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆள் உயிரோடு விளையாடும் பகுதி மின்சாரம். நம் நாட்டில் வீட்டுக்கு வீடு, கட்டடத்துக்குக் கட்டடம் தனி ஏர்த் கம்பி அடிக்கும் முறைதான். மைதானத்துக் கம்பத்துக்கும் தனியாக அடிக்க வேண்டும், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். ஏர்த் கம்பியின் தடையை மழை விட்ட மறுநாள் அளந்து "சூப்பர்" என்று எழுதாதீர்கள். கச்சான் காற்று வீசி மணல் காய்ந்து கிடக்கும் ஆடி மாதத்தில் அளந்து பாருங்கள், அதுதான் உண்மையான அளவு.

ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுந்ததும் "ஏர்த் சரி" என்கிறார்கள். அந்தப் பொத்தான் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டுமே காட்டும். ஏர்த் கம்பியே இல்லாத இடத்திலும் அது விழும்.

போட்டியன்று ஜெனரேட்டர் வாடகைக்கு வரும்போது நிலைமை இன்னும் மோசம். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் ஏர்த்தோடு இணைந்திருக்காது. அப்படியானால் போர்டின் இரும்பில் மின்னொழுக்கு வந்தாலும் அது திரும்பிப் போக வழி இல்லை, ட்ரிப் சுவிட்ச் விழாது. வேறொரு இடத்தில், மைக் செட்டிலோ கூடாரத்து விளக்கிலோ, இரண்டாவது ஒழுக்கு வந்தால் இரண்டையும் தொடுகிறவர் நடுவில் மாட்டிக்கொள்வார். ஜெனரேட்டர்காரரிடம் காலையிலேயே இதைக் கேளுங்கள். தெரியாது என்றால் தகுதியான மின்னியலாளர் ஒருவர் பார்த்து இணைக்கும்வரை போர்டுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, இல்லக் கூடாரங்கள். போட்டிக்கு முதல் நாள் பெரிய வகுப்புப் பொடியன்கள் இரும்பு முளைகளைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். கேபிள் எங்கே போகிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது? அரை மீற்றர் ஆழமாவது தோண்டி, குழாய்க்குள் விட்டு, மேலே எச்சரிக்கை நாடா போட்டு, பாதையை மைதான மதிலில் வர்ணத்தால் குறித்துவைக்க வேண்டும். கம்பத்தில் ஏறும் கேபிளும் இரும்புக் குழாய்க்குள் போகட்டும். எங்கள் ஊர் மான்கள் மைதானத்துக்குள்ளும் வரும், கொம்பைத் தேய்க்க அவற்றுக்குக் கம்பம்தான் வசதி. நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலில் போர்ட் பூட்டுகிறவருக்கு மூடுபனிதான் கவலையாக இருக்கும், மானும் உப்பும் நம் பங்கு.

தரவுக் கம்பியையும் மறக்க வேண்டாம். சாதாரண நெட்வேர்க் கேபிள் 100 மீற்றருக்குத்தான். வை-ஃபை வைத்தால், ஆயிரம் தொலைபேசிகள் கூடும் நாளில் நடுவில் அறுந்து போகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி வேறு; நீண்ட செம்புக் கம்பி மின்னலின் மின்பாய்ச்சலை நேரே கட்டுப்பாட்டு அட்டைக்குக் கொண்டுபோகும். ஒளியிழைக் கேபிள் இழுத்தால் மூன்று தலையிடியும் போகும்.

எரிகிற போர்டைப் பார்த்தே சில பழுதுகளை நீங்களே கண்டுபிடிக்கலாம். பல நிறப் போர்டில் வெள்ளை, ஒரு மூலையில் மட்டும் சிவப்படிக்கிறதா? மொடியூல் பழுது என்று உடனே மாற்றாதீர்கள். சிவப்பு எல்.இ.டிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வேண்டும். 5 வோல்ட் கம்பி மெலிந்தோ இணைப்பு கறுத்தோ இருந்தால் பச்சையும் நீலமும் முதலில் மங்கும், சிவப்பு மிஞ்சும். மொடியூலுக்கு மின்சாரம் வந்து சேரும் இணைப்பில் வோல்ட் மீற்றரை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு திருகாணியை இறுக்கினாலே சரி.

தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. 16 புள்ளி உயரத்துக்குள் எழுத்தை அடக்கும்போது மெய்யெழுத்தின் மேல் புள்ளிக்கு ஒரே ஒரு எல்.இ.டிதான் கிடைக்கும். அது செத்தால் 'வள்ளுவர் இல்லம்' 'வளளுவர இலலம' ஆகிவிடும். போர்டோடு வரும் மென்பொருள் பலவற்றுக்குக் கொம்பு போடவும் தெரியாது. 'கொ' என்பதைப் பிரித்துச் சிதறடிக்கும். பெயர்களை முன்கூட்டியே படமாகச் செய்து, இரண்டடுக்கு உயரத்தில் ஏற்றி வையுங்கள். பெற்றோர் பிடிக்கும் படத்தில் வருவது அந்தப் பெயர்தான்.

நேரம் காட்டுவதிலும் ஒழுங்கு வேண்டும். கையால் அழுத்தும் ஸ்டாப் வாட்ச்சில் 11.43 என்று வந்தால் உலக தடகள விதிப்படி அதை மேல்நோக்கிப் பத்தில் ஒன்றாக்கி 11.5 என்றுதான் அறிவிக்க வேண்டும். நூறில் ஒன்று காட்டும் தகுதி முழுத் தானியங்கி நேரப்பதிவுக்கு மட்டுமே. போர்டில் இரண்டு இலக்கம் காட்ட இடம் இருக்கிறது என்பதற்காக 11.43 போட்டால், ஒரு நிமிடத்தில் இல்லப் பொறுப்பாசிரியர் மேசையடிக்கு வந்துவிடுவார். நடுவர் சொல்லும்வரை முடிவு போர்டுக்கு ஏறாது என்று இயக்குகிற பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, விலைமனுவில் உதிரி மொடியூல்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். நூறுக்குக் குறைந்தது ஐந்து வேண்டும், அதே தொகுதியில் செய்தவையாக இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து வாங்கும் மொடியூலின் நிறம் பழையதோடு பொருந்தாது, ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியும். வாங்கியதைப் போர்டின் பின்பெட்டிக்குள் போட்டு வைக்காமல், ஈரம் உறிஞ்சும் பைகளோடு காற்றுப் புகாமல் கட்டி அதிபரின் அலுமாரியில் வையுங்கள். பெட்டிச் சாவியின் ஒரு பிரதியும், மென்பொருளின் கடவுச்சொல்லும் அதே பொதிக்குள் இருக்கட்டும். கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதால் ஒரு பருவம் முழுக்க இருட்டாக நின்ற போர்ட்களும் இந்த மாவட்டத்தில் உண்டு.