கரண்ட் வைப்பதா, கதிர் வீசுவதா?

“எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டைக்கு மேல கட்டியாம் தம்பி. நாளைலேருந்து கரண்ட் வெக்கிறாங்க. ஷாக் அடிக்காதா?”

மந்தைவெளியில் பக்கத்து வீட்டு அம்மா கேட்டது. புற்றுக்கட்டியைக் கதிரால் அழிக்கும் ரேடியோதெரபிக்குச் சென்னையில் பலர் வாயில் வரும் பெயர் இதுதான். கருவி ஓடுவது மின்சாரத்தில். உடம்பில் இறங்குவது எக்ஸ் கதிர். ஷாக் அடிக்காது, வைக்கும்போது வலியும் தெரியாது.

‘ரேடியோ’வுக்கு மூலம் ‘ரேடியஸ்’. லத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால். நடுவிலிருந்து நேராக விரிவதால் ஒளிக்கதிருக்கும் அதே பெயர். பள்ளிக் கணக்கில் நாம் ‘ஆரம்’ என்பதும் அந்த ஆரக்காலைத்தான். ‘தெரபி’க்குக் கிரேக்கத்தில் பணிவிடை என்று பொருள். ஊர்ப்புறத்தில் பண்டுவம் பார்ப்பது என்பார்களே, கிட்டத்தட்ட அது.

தமிழில் ‘கதிரியக்கச் சிகிச்சை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ரேடியம், கோபால்ட்-60 போன்றவை தாமாகவே கதிர் உமிழ்வதுதான் கதிரியக்கம். சென்னை ஜி.எச்.சில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறந்தது 1934இல்; அந்தத் தலைமுறைக்கு ரேடியம்தான் கதிர். இன்று பெரும்பாலும் லீனாக், அதாவது நேரியல் முடுக்கி என்ற மின்கருவி. நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். நோயாளி உடம்பில் எதுவும் தங்காது. ‘கதிரியக்கம்’ என்று கேட்டு, பேரக்குழந்தையைத் தூக்கவே அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ‘கதிர்வீச்சுச் சிகிச்சை’யே சரி. நடுவில் அந்த ‘ச்’சும் வேண்டும், பத்திரிகைகள் விழுங்கிவிடுகின்றன.

அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு வந்தது என்.கே./டி செல் லிம்போமா, மூக்குத்தொண்டையில். என்.கே., டி இரண்டும் நோய் எதிர்ப்புச் செல்கள். லிம்போமா என்பது நிணநீர்ப் புற்றுநோய். இந்த வகை எப்ஸ்டைன்-பார் வைரஸோடு தொடர்புடையது. கிழக்காசியாவில் கூடுதல், நம் பக்கம் அபூர்வம். மற்ற லிம்போமாக்கள் பலவற்றில் மருந்துதான் முன்னால் நிற்கும். இதிலோ, வழக்கமான கீமோ மருந்துகள் சிலவற்றைப் புற்றுச் செல்லே பம்பு வைத்ததுபோல் வெளியே இறைத்துவிடுகிறது. கதிருக்கோ மசியும். அதனால் பரவாத கட்டத்தில் கதிர்வீச்சே முதன்மை. அஸ்பாரஜினேஸ் என்ற மருந்து சேர்ந்த கீமோவும் கூட வரும். கதிரின் அளவைக் ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள். ஏறத்தாழ 50 கிரே. நாளுக்கு 2 வீதம், வாரம் 5 நாள், 5 வாரம்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் பால் பூத்தில் பார்த்தேன்.

“வாயெல்லாம் புண்ணு தம்பி, எச்சிலே ஊற மாட்டேங்குது. மோர்தான் இறங்குது. இன்னும் பத்து கரண்ட் பாக்கி.”