கால் மரத்துப்போகிறதா? முதலில் ஷூவைக் கழற்றிப் பாருங்கள்

பிசியோதெரபிஸ்டான என்னிடம் சைக்கிள் ஓட்டும்போது கால் மரக்கிறது என்று வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். வயது ஐம்பதுக்கு மேல். சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற ரெகம்பன்ட் சைக்கிளில் வாரத்துக்கு நான்கு நாள் நீண்ட தூரம் போகிறவர். ஓட்ட ஆரம்பித்த அரைமணி நேரத்தில் இரண்டு காலிலும் விரல்கள் மரத்துப்போகின்றன என்று வந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு மாதமாம். "நரம்பு வீக்காயிடுச்சு மேடம், மாத்திரை போட்டா சரியாயிடும்னு நெனச்சேன்" என்றார். யாரும் எழுதித் தராத வைட்டமின் மாத்திரையை எட்டு மாதம் சாப்பிட்டிருக்கிறார்.

ஷூவைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இன்சோல். மெத்தென்று இருந்தால் மரக்காது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார். பாதத்துக்கு இருந்த இடத்தை இன்சோல்கள் பிடித்துக்கொண்டன. பாதத்தின் மேல்தோலில் லேஸ் போன வழி சிவப்புக் கோடுகளாக அப்படியே பதிந்திருந்தது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பஞ்சால் தொட்டேன். தெரியவில்லை என்றார். அந்தச் சின்ன இடத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு பாதத்தின் மேல்பக்கம், சரியாக லேஸ் இறுக்குகிற இடத்தின் அடியில்தான் ஓடுகிறது. இரண்டு இன்சோலை எடுத்து, லேஸின் நடு இரண்டு ஓட்டைகளை விட்டுவிட்டுக் கட்டச் சொன்னேன். இரண்டு வாரத்தில் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

இந்த 'நரம்புத் தளர்ச்சி' பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த வார்த்தையோடுதான் உள்ளே வருகிறார்கள். வைட்டமின் பி12 குறைந்தால் கால் மரக்கும், உண்மைதான். சர்க்கரை நோயிலும் மரக்கும். ஆனால் அந்த மரப்பு நீங்கள் சைக்கிளில் ஏறும் வரை காத்திருக்காது. படுக்கையில் இருக்கும், சோபாவில் இருக்கும், இரவில்தான் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். இருபதாவது நிமிடத்தில் வந்து, இறங்கி நாலு எட்டு நடந்ததும் போய்விடுகிற மரப்பு வேறு. ஏதோ ஓர் இடத்தில் ஏதோ ஒன்று அழுத்துகிறது, அவ்வளவுதான். அழுத்துகிறதை எடுக்காமல் எத்தனை மாத்திரை போட்டாலும் நரம்புக்கு என்ன பயன்? பி12 குறைவு என்று சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் அளவைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள், அந்த மருந்தால் பி12 குறைய வாய்ப்பு உண்டு. தயவுசெய்து ஊகத்தில் விழுங்காதீர்கள்.

சரி, சாதாரண சைக்கிளைவிட இதில் ஏன் கால் சீக்கிரம் மரக்கிறது? நிமிர்ந்து ஓட்டும்போது பாதம் இதயத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இருக்கும். 10 செ.மீ. கீழே இறங்கினால் ரத்த அழுத்தம் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம் கூடும். ரெகம்பன்ட்டில் பெடல் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, சில மாடல்களில் சீட்டைவிட ஒரு சாண் மேலேயே இருக்கிறது. ஆகவே அந்தக் கூடுதல் அழுத்தத்தில் பெரும்பகுதி பாதத்துக்குக் கிடைப்பதில்லை. சாதாரண சைக்கிளில் தொந்தரவே தராத அதே ஷூ இங்கே ரத்தக் குழாய்களைச் சுலபமாக நெருக்கிவிடும். "அந்த ஷூதான் மேடம், பத்து வருஷமா போடறேன்" என்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

இன்னொன்று, பாதத்தின் எடை. நிமிர்ந்து ஓட்டும்போது கால் தானாகவே பெடல்மேல் உட்கார்ந்திருக்கும். இங்கே பாதம் செங்குத்தாக நிற்பதால், விட்டால் கீழே சரியும். அது சரியாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். அடுத்த முறை ஓட்டும்போது பத்தாவது நிமிடத்தில் விரல்களைக் கவனியுங்கள். பலருக்கு ஷூவுக்குள் முஷ்டி பிடித்த மாதிரி இருக்கும். குதிகாலைத் தாங்குகிற பெடல் போட்டால் இந்தப் பிடிப்பு தளரும்.

மரப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள், நான் முதலில் கேட்பதே அதைத்தான். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே எரிச்சலோடு மரத்தால், முன்பாதத்து எலும்புகளுக்கு இடையில் நரம்பு நசுங்குகிறது. ஷூ அகலம் போதவில்லை, அல்லது ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்கிற கிளீட் ரொம்ப முன்னால் இருக்கிறது. கிளீட்டை மூன்று நான்கு மில்லிமீட்டராகக் குதிகால் பக்கம் நகர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் நாலு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்படி நகர்த்தினால் கால் எட்டுகிற தூரம் குறையும். அதற்கேற்ப பெடல்களைத் தாங்குகிற முன்குழாயையோ சீட்டையோ கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அப்புறம் முழங்காலுக்குப் பின்னால் வலி என்று வருகிறார்கள். முன்பாதத்துக்கு வைக்கிற சின்ன மேட்டுப் பட்டையை வலிக்கிற இடத்துக்கு நேர் அடியில் ஒட்டாதீர்கள், அதற்குக் கொஞ்சம் பின்னால் ஒட்ட வேண்டும். நேர் அடியில் ஒட்டினால் நசுங்குகிற நரம்பை இன்னும் நசுக்குகிறீர்கள்.

கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். முதுகு சாய சீட் இருப்பதால் முழு பலத்தையும் கொடுத்துத் தள்ள முடிகிறது, அந்த பலமெல்லாம் முன்பாதத்தில்தான் இறங்குகிறது. கியரைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 80, 90 சுற்று சுற்றினால் ஒவ்வொரு மிதியின் பாரமும் குறையும்.

மரப்பு புட்டத்தில் தொடங்கி தொடையின் பின்பக்கமாக இறங்கினால் ஷூவை விட்டுவிடுங்கள். இடுப்பிலோ முதுகிலோ சந்தேகம் இருந்தால் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். கூன் போட்டு உட்காரவைத்து, தலையைக் குனியவைத்து, முழங்காலை நீட்டச் சொல்வோம். இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாகக் காலுக்கு இறங்குகிற சயாட்டிக் நரம்பை இழுத்துப் பார்க்கிற நிலை அது. சாய்ந்த சீட்டில் தலையை முன்னால் தூக்கிக்கொண்டு காலை எட்டி மிதிக்கும்போது, ஏறக்குறைய அதே நிலையில்தான் நீங்கள் மணிக்கணக்கில் இருக்கிறீர்கள். பெடல் தூரத்தைக் குறைத்து, முழங்கால் எந்தக் கட்டத்திலும் முழுசாக நீளாமல் பாருங்கள். சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்துகிறதா என்றும் கையை விட்டுப் பாருங்கள்.

மூன்று சக்கர ரெகம்பன்ட் ஓட்டுகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மரக்கிறது என்று கிளிப்பையோ பட்டையையோ கழற்றிவிட்டு வெறும் பெடலில் ஓட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாத கால் நழுவித் தரையைத் தொட்டால், வண்டி நிற்காமல் முன்னால் போகும், கால் சட்டத்துக்கு அடியில் இழுபட்டு மடங்கும். பாதத்தைப் பிடித்து வைக்க ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். இறுக்கத்தை வேண்டுமானால் குறையுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் இந்தப் பரிசோதனை எதையும் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் இருந்ததே தெரியாமல் அன்றைய தூரம் முழுக்க ஓட்டிவிட்டு, இரவு காலுறையில் ரத்தத்தைப் பார்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆயின. ஷூவைப் போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். ஓட்டி முடித்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. பாதத்தைத் தூக்க முடியவில்லை, நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டுகிறது என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கால் வெளுத்து, ஜில்லென்று ஆகி வலித்தாலும், தொடைகளுக்கு நடுவே மரத்து சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலும், திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து மரத்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மற்றவர்கள் என்னிடமோ வேறு பிசியோதெரபிஸ்டிடமோ வரும்போது, ஓட்டுகிற ஷூவையும் காலுறையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், முடிந்தால் சைக்கிளையும். எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது, எந்த விரலில் தொடங்கியது, இறங்கி எத்தனை நிமிடத்தில் போனது என்று ஒரு வாரம் குறித்து வைத்திருங்கள். புது ஷூ வாங்கவேண்டி வந்தால் சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. ஓட்டும்போது போடுகிற அதே காலுறையைப் போட்டுக்கொண்டு, கடையிலேயே சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள்.