வார்ப்புப் பிழை இல்லை, அக்கசாலைப் பிழை

போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய ஐந்து ரூபாய் காசு ஒன்றை வைத்து, பக்கத்தில் ‘வார்ப்புப் பிழை – அரியது’ என்று சீட்டு எழுதியிருந்தார்கள். இந்தச் சொல்லை எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்று கணக்கே இல்லை. காணொளிகளில் இதே சொல், வாட்சப் குழுக்களிலும் இதே சொல். இனியும் சும்மா இருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

இந்தச் சொல்லின் ஆங்கில மூலம் மின்ட் எரர். மின்ட் என்பது காசு அடிக்கிற இடம். ரோமில் அந்த இடம் ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டி இருந்ததால் மொனேட்டா என்ற லத்தீன் பெயரே காசுக்கும் காசடிக்கும் இடத்துக்கும் ஆகி, அதிலிருந்து மின்ட் வந்தது. எரர் என்றால் பிழை. ஆக, காசு அடிக்கிற இடத்தை விட்டு வெளியே வருமுன் அதில் நேர்ந்த பிழை. அவ்வளவுதான் பொருள்.

இதில் வார்ப்பு எங்கிருந்து வந்தது? வார்ப்பது என்றால் உருக்கி ஊற்றுவது. சிலை வார்க்கிறோம், மணி வார்க்கிறோம், மாவைக் கல்லில் ஊற்றினால் தோசை வார்க்கிறோம். இன்றைக்கு நம் சட்டைப்பையில் இருக்கிற எந்தக் காசும் அப்படி வந்ததில்லை. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லையாக வெட்டி, விளிம்பைச் சற்றே எழுப்பி, மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துப் பல டன் விசையில் அழுத்துகிறார்கள். அதனால்தான் தமிழில் காசு ‘அடிக்கிறது’ என்கிறோம், யாரும் காசு வார்த்தான் என்று சொல்லிக் கேட்டதில்லை. இன்னும் மோசம் என்னவென்றால், இந்தக் காலத்துக் காசு ஒன்று வார்த்தது என்று தெரிந்தால் அது கள்ளக்காசு என்றுதான் சேகரிப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் குமிழிக் குழிகள், மழுங்கிய எழுத்து, விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, இவையெல்லாம் வார்ப்பின் அடையாளங்கள். நல்ல காசுக்கு வார்ப்புப் பிழை என்று சீட்டு ஒட்டுகிறவர் தன் சரக்கையே கள்ளக்காசு வரிசையில் கொண்டுபோய் வைக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் புதையலாகக் கிடைத்த, சதுரத் துளை போட்ட சீனக் காசுகள் வார்த்தவை. அவற்றுக்கு வேண்டுமானால் இந்தச் சொல் பொருந்தும்.

சரி, அச்சுப்பிழை என்று சொல்லலாமே என்பார்கள். அதைக் கேட்டால் புத்தகத்தில் எழுத்து மாறிப்போனதுதான் நினைவுக்கு வரும். அதை விட்டாலும், அச்சில் நேர்கிற பிழை மொத்தப் பிழைகளில் ஒரு வகை மட்டுமே. வில்லை அரைகுறையாக வெட்டுப்பட்டால் அது வில்லைப் பிழை. வில்லை நகர்ந்து படம் ஒருபக்கமாக ஒதுங்கி விழுந்தால் அது அடிப்புப் பிழை. பிரிட்டனில் 2008இல் சில 20 பென்ஸ் காசுகள் ஆண்டு எண்ணே இல்லாமல் வெளிவந்தன. புது வடிவத்தில் ஆண்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாறியிருந்தது, ஆனால் புதுப் பின்பக்க அச்சோடு பழைய முன்பக்க அச்சைப் பொருத்திவிட்டார்கள். இரண்டு அச்சிலும் குறையே இல்லை, சேர்த்த ஜோடிதான் தவறு. இதை அச்சுப்பிழை என்று எப்படிச் சொல்வது?

நம்மிடம் அக்கசாலை என்ற சொல் இருக்கிறது. பொன்வேலை செய்யும் இடத்துக்கும் காசடிக்கும் இடத்துக்கும் அதுதான் பெயர், கொற்கையில் கோயிலின் பெயரிலேயே அது நிற்கிறது. கம்பட்டம் என்ற சொல்லும் உண்டு, மலையாளத்தில் அது இன்றும் கம்மட்டமாக வழங்குகிறது. சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறது, ஆனால் எஃகில் அடிக்கிற ஒரு ரூபாய்க்குத் தங்கசாலை என்பது எனக்கு ஒட்டவில்லை. நாணயச்சாலை என்றாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். இடத்தின் பெயர் சொல்லுக்குள் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஏனென்றால் பிழை எங்கே நேர்ந்தது என்பதுதான் இங்கே முழுக் கேள்வியும். அக்கசாலைக்குள் நேர்ந்தால் பிழை, வெளியே வந்தபின் நேர்ந்தால் சேதம். மொழிபெயர்க்கிறவர்கள் ஒரு காசைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதினால் இந்தக் குழப்பமே வராது. அடித்த அன்றிருந்த புதுமை மாறாத காசைச் சொல்லும் மின்ட் கண்டிஷனை ‘புதினா நிலை’ என்று எழுதியதையும் நான் படித்திருக்கிறேன், மனசு கொதித்தது.

அந்த ஐந்து ரூபாய்க்கு வருகிறேன். கேட்டு வாங்கி, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். சிங்கத்தின் மார்பிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு. அச்சில் விரிசல் விட்டிருந்தால் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறி, காசில் கோடு மேடாக நிற்கும். இதுவோ பள்ளம், இரண்டு கரையிலும் உலோகம் பிதுங்கி, உள்ளே புதுப் பளபளப்பு. யாரோ கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். வார்ப்பும் இல்லை, பிழையும் இல்லை. பக்கத்தில், நடுவிலிருக்கும் வில்லை இல்லாத பத்து ரூபாய்க் காசின் வெளி வளையம் ஒன்று. நடு வில்லை இல்லாமலே அடிபட்டிருந்தால் உலோகம் உள்பக்கம் வழிந்து துளை சுருங்கியிருக்கும். இதில் துளைச் சுவர் நேராக இருந்தது, இடுக்கி பிடித்த தடம் வேறு.

கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன், அண்ணே, இது வெளிச்சேதம், சீட்டை மாத்துங்க என்று. “சேதம்னு எழுதினா யாருங்க வாங்குவாங்க?” என்றார்.