இருபதுக்கு மேல் ஒரு பிள்ளை

மன்னார்குடிப் பக்கம் கிராமப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருக்கும் வாசகர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய பள்ளிக்கு வந்த சுகாதாரத் துறையினர் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விரலில் மட்டும் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதை ஒரு பட்டையில் விட்டுப் பத்து நிமிடம் பார்த்திருந்து, யானைக்கால் நோய்க்கான பரிசோதனை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு நாள் முழுதும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நோய் உள்ளவரை விட்டுவிட்டு ஓடியாடும் பிள்ளைகளைக் குத்துவது என்ன கணக்கு என்பது அவருடைய கேள்வி. அது உண்மையிலேயே ஒரு கணக்குதான்; எனக்குத் தெரிந்த அரசுக் கணக்குகளிலேயே அழகானதும்கூட.

நோயின் அடிப்படை டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல என்பதால் அதை விரைந்து கடக்கிறேன். உச்செரேரியா பாங்க்ராஃப்டி என்னும் புழு மனிதனின் நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. அது ஈனும் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கியிருந்து, நள்ளிரவை ஒட்டித் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. கும்பகோணத்தின் பெயரோடு கொசுவும் யானைக்காலும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அந்த ஊரின் தேங்கிய சாக்கடைதான். கொசுவுக்குள் புழு வளருமே தவிரப் பெருகாது. ஆகவே ஒருவருக்கு நோய் பற்ற ஒன்றிரண்டு கடி போதாது, மாதக்கணக்கில் கடிபட வேண்டும். இந்தப் பலவீனம்தான் அரசுக்குக் கிடைத்த பிடி.

அந்தப் பிடியை அரசு ஒருமுறை நழுவவிட்டு மீண்டும் பிடித்தது. 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, நுண்புழுக்களைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையை ஊரார் அனைவருக்கும் பல நாள் தொடர்ந்து கொடுப்பதும் அதன் உத்திகளில் ஒன்றாக இருந்தது. சாகும் நுண்புழுக்களுக்கு எதிராக உடல் கிளர்வதால், புழு உள்ளவர்களுக்கே பெரும்பாலும் காய்ச்சலும் தலைவலியும் வரும். ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்தவர் மாத்திரை போட்டு இன்று படுத்துவிட்டால், வீட்டார் புழுவையா திட்டுவார்கள்? மக்கள் மறுத்தார்கள். அந்த உத்தி கைவிடப்பட்டு, சாக்கடையில் மருந்து தெளிப்பதும், இரவில் வீடுவீடாகப் போய் ரத்தம் எடுத்து நுண்புழு உள்ளவர்களைக் கண்டுபிடிப்பதுமாகத் திட்டம் சுருங்கியது. ஆண்டுக்கு ஒரே வேளை கொடுத்தாலே நுண்புழுக்கள் நெடுங்காலம் தலைதூக்காது என்று பின்னாளில் ஆய்வுகள் காட்டியதும், நாற்பதாண்டுகளுக்கு முன் பரணில் போட்ட கொள்கை தூசு தட்டப்பட்டது. 1996-97-இல் 13 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2004-இல் நாடு முழுவதும் நோய் உள்ள மாவட்டங்களுக்கு அது விரிந்தது. அதற்கும் முன்பே நம் காரைக்காலில் சமையல் உப்பிலேயே அந்த மருந்தைக் கலந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நுண்புழு உள்ளவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 1975-இல் புதுச்சேரியில் அமைந்த நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பல்லாண்டுகள் நுண்புழுவையும் கொசுவையும் எண்ணிக்கொண்டே இருந்தது. இப்படி எண்ணுகிறவர்களுக்குப் பணம் ஒதுக்கும்போது அரசுகள் காட்டும் கஞ்சத்தனம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒரு சுற்று மாத்திரை கொடுக்க ஆகும் உழைப்பை நினைத்தால், எப்போது நிறுத்தலாம் என்று சொல்லும் ஆய்வு எவ்வளவோ மலிவு.

ஏனென்றால் தொடங்குவதைவிட நிறுத்துவதே கடினம். மாத்திரை நுண்புழுக்களைத் தீர்க்கும் அளவுக்குத் தாய்ப்புழுவைத் தீர்ப்பதில்லை; தாய்ப்புழு நான்கு முதல் ஆறு ஆண்டுகள்வரை ஈன்றுகொண்டிருக்கும். ஆகவே அது கிழடாகிச் சாகும்வரை அதன் குட்டிகள் கொசுவுக்குப் போகாமல் தடுக்க வேண்டும்: மொத்த மக்களில் 65 விழுக்காட்டினருக்குக் குறையாமல் மருந்தை விழுங்க, குறைந்தது ஐந்து ஆண்டுச் சுற்றுகள். கையில் கொடுத்துவிட்டு வந்தால் மாத்திரை அலமாரிக்குப் போகிறது என்பதால், சாப்பிட்ட பிறகு கண்ணெதிரே விழுங்கச் செய்ய வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. ஐந்து சுற்று முடிந்த பின் ஊரில் பரவல் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதை எப்படி அறிவது? பெரியவர்களைச் சோதித்துப் பயனில்லை. அவர்கள் உடலிலுள்ள புழு பழைய கடியின் மிச்சமாக இருக்கலாம். இங்கேதான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வருகிறது. ஆறேழு வயதுப் பிள்ளை தன் ஆயுளின் பெரும்பகுதியை மாத்திரைக் காலத்திலேயே கழித்தது. அதன் ரத்தத்தில் புழுவின் சுவடு இருந்தால், அது அண்மையில் தொற்றியதாகத்தான் இருக்க முடியும். பட்டை தேடுவது நுண்புழுவை அல்ல, தாய்ப்புழு ரத்தத்தில் கசியவிடும் புரதத்தை. அதற்குப் பகலென்றும் இரவென்றும் இல்லை என்பதால், நள்ளிரவில் கதவு தட்டாமல் காலை பத்து மணி வகுப்பறையிலேயே வேலை முடிகிறது.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சோற்றுக்கு அது சரி. ஒரே கொதியில் வெந்த பருக்கைகள் ஒன்றுபோல இருக்கும். யானைக்கால் அப்படி வேகாது. ஒரு தெருச் சாக்கடையை ஒட்டி ஐந்து வீட்டில் இருக்கும், அடுத்த தெருவில் ஒருவருக்கும் இருக்காது. எனவே இங்கே பதம் பார்க்கச் சோறு கூடுதலாக எடுக்க வேண்டும்: கொத்துக் கொத்தாகப் பள்ளிகளைத் தேர்ந்து பார்க்கும்போது, பிள்ளைகளைத் தனித்தனியே தேர்ந்தால் போதுமான எண்ணிக்கையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பெரிய பகுதியொன்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எண்ணிக்கை 1,692 பிள்ளைகள். க்யூலெக்ஸ் பரப்பும் இடங்களில் எட்ட வேண்டிய எல்லை, நூற்றுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் குறைவாகச் சுவடு இருப்பது. 1,692-இல் நூற்றுக்கு இரண்டு என்றால் 34 பிள்ளைகள். ஆனால் விதி அனுமதிப்பது 20 பேரை மட்டுமே. இருபத்தொன்றாவது பிள்ளை வந்துவிட்டால் பகுதி முழுவதும் தேறவில்லை என்று பொருள்.

மீதி 14 பிள்ளைகள் எங்கே போனார்கள்? அவர்கள் எச்சரிக்கைக்காக ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். உண்மையில் நூற்றுக்கு இரண்டு அளவுக்கு நோய் இருக்கும் ஊரில்கூட, நாம் போன பள்ளிகள் தற்செயலாக நல்ல தெருக்களில் அமைந்துவிட்டால் 34-க்குப் பதில் 25, 26 மட்டும் அகப்படலாம். அத்தகைய ஊர் ஏமாற்றித் தேறிவிடும் வாய்ப்பை நூற்றில் ஐந்துக்குள் அடக்க வேண்டுமென்றால், தேறுவதற்கான எல்லைக்கோட்டை 20-க்கு இறக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு: நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு நன்றாகவே குறைத்துவிட்ட ஊரும் நான்கில் ஒரு வாய்ப்பில் தோற்றுப்போகும். தோற்றால் மேலும் இரண்டு சுற்று மாத்திரை. நல்ல ஊருக்கு வீணாக மாத்திரை கொடுப்பதா, கெட்ட ஊரை நல்லதென்று நம்பி நிறுத்திவிடுவதா என்ற இரண்டு தவறுகளில், முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம், பின்னதைப் பொறுக்க முடியாது என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். கொள்கை என்றால் மேடைப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த 34-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளியைத்தான் காட்டுவேன். தேறிய ஊரையும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் மேலும் இருமுறை இதேபோல் சோதிக்கிறார்கள். பல்லாண்டு இப்படிச் சலித்த பிறகுதான் நோயை ஒழித்ததற்கான சான்று இலங்கைக்கு 2016-இல் கிடைத்தது.

திண்ணைப் பெரியவரை நான் மறக்கவில்லை. அவர் காலில் இன்று உயிருள்ள புழு இல்லாமலே இருக்கலாம். நிணநீர்க் குழாய் சிதைந்தது சிதைந்ததுதான், மாத்திரையால் அது மீளாது. ஆகவே பரவலை அளக்கும் கோலில் அவர் தென்படமாட்டார். ஊனத்தை அளக்க வேறு கோல் வேண்டும். அந்தக் கோல் இவ்வளவு நேர்த்தியாக இல்லை என்பது என் குறை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த ஊனங்களை 21 ஆக்கியது. அந்தப் பட்டியலில் யானைக்காலுக்குத் தனிப் பெயர் இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற வாசல் வழியாகத்தான் வர வேண்டும். முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு தேற வேண்டும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று அளந்தால், மாதத்தில் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து நடவுக் கூலியை இழப்பவரின் முழங்கால் மற்ற நாட்களில் நன்றாகவே மடங்கும். வீக்கம் முற்றி நான்காம் நிலைக்குப் போய்விட்ட கால்களுக்குத் தமிழ்நாட்டு அரசு மாத உதவித்தொகை தருகிறது. அது நல்ல காரியம்தான். ஆனால் விடிந்தால் வடிந்துவிடும் வீக்கமாக இருக்கும் முதல் நிலையில்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்பதால், கெட்டு முடிந்த பிறகே கணக்கில் ஏறும் ஏற்பாடு என்னை உறுத்துகிறது.

என் அப்பாவின் அத்தை கும்பகோணத்தில் அப்படிப்பட்ட காலோடு வாழ்ந்தார். அமாவாசையும் பௌர்ணமியும் நெருங்கினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர்க் காய்ச்சல் வரும் என்று வீட்டில் நாள்காட்டியைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்; முன்வினை என்பார்கள், கிணற்றுத் தண்ணீர் என்பார்கள். சந்திரனுக்கு இதில் வேலையில்லை. ஈரத்தில் வெந்து வெடித்த கால்விரல் இடுக்கு வழியாகப் பாக்டீரியா நுழைவதால் வரும் காய்ச்சல் அது. ஒவ்வொரு முறை வரும்போதும் கால் ஒரு படி தடிக்கும். இடுக்கைச் சுத்தமாக வைத்தால் காய்ச்சலின் எண்ணிக்கை குறைகிறது. அதனால்தான், ஒரு நாடு நோயை ஒழித்துவிட்டதாகச் சான்று கேட்கும்போது, வீங்கிய கால்களுக்குப் பராமரிப்பு கிடைக்கிறது என்றும் அது காட்டியாக வேண்டும். இந்த இரண்டாம் நிபந்தனை செய்திகளில் அடிபடுவது குறைவு.

ஆசிரியருக்கு நான் எழுதிய பதில் இது. பெரியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, யானைக்கால் நோயாளிகளுக்கான பராமரிப்புப் பொருட்களைக் கேட்கச் சொல்லுங்கள்: தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு. நாளைக்கு ஒருமுறை சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டு, மடிப்புகளுக்குள் விரலை விட்டு மெதுவாகக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. விரலிடுக்கைத் துணியால் ஒற்றி ஈரம் போக உலர்த்த வேண்டும், வெடிப்பிருந்தால் களிம்பு தடவ வேண்டும். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஒரு மணையின்மேல் உயர்த்தி வைக்கட்டும். அவர் திண்ணையில் காலை நீட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பாதி அவருக்கே தெரிந்திருக்கிறது.