விமான மெக்கானிக் ஆக வேண்டுமா? முதலில் போல்ட் டப்பாவை மறக்க வேண்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடமான ஹேங்கரில் வேலை செய்யும் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "பையனுக்கு ஏரோப்ளேன்னா உசுருங்க. ஏரோநாட்டிகல் சேர்த்துவிட்டா உங்களாட்டம் ஹேங்கர் வேலைக்கு வந்துருவானுங்களா?" ஊர்ப்பக்கத்து அப்பாக்கள் கேட்கும் கேள்வி. பதில் சுருக்கமானது: அந்தப் படிப்பு மட்டும் போதாது. பி.இ. ஏரோநாட்டிகல் விமானத்தை வடிவமைக்கக் கற்றுத்தரும் படிப்பு. நல்ல படிப்புதான். ஆனால் பறந்து வந்து நிற்கும் விமானத்தைப் பார்த்து, பழுதைச் சரிசெய்து, "இது மறுபடி பறக்கலாம்" என்று கையெழுத்துப் போட வேண்டுமென்றால், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ தரும் பராமரிப்பு லைசென்ஸ் வேண்டும். அதற்கான பாதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், யாரும் என்னிடம் கேட்காத ஒரு விஷயம் இருக்கிறது: இந்த வேலைக்கு அடிப்படையாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நான் நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன். பட்டறை மூலையில் ஒரு பெரிய டால்டா டப்பா கிடக்கும். கழற்றிய போல்ட், நட், வாஷர் எல்லாம் அதற்குள் போகும். போல்ட் ஒன்று தொலைந்தால் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், "டப்பாவுல பாருடா" என்பார். பன்னிரண்டு வயதில் நான் விரலால் தடவியே சைஸ் சொல்வேன். அந்தத் திறமையைப் பெரிய மூலதனமாக நினைத்துக்கொண்டுதான் ஹேங்கருக்குள் போனேன். அங்கே நான் முதலில் மறக்க வேண்டியிருந்ததே அதுதான்.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் சுமார் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது கேப்டன் பக்கத்துக் கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். உள்ளே இருந்த சிப்பந்திகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுதாம்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தது பெரிய அதிசயம். காரணம் என்ன தெரியுமா? சுமார் 27 மணி நேரம் முன்னால் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்து நிறுத்திய 90 போல்ட்களில் 84 போல்ட்களின் விட்டம் குறைவு. எவ்வளவு குறைவு? 0.026 அங்குலம். மில்லிமீட்டரில் ஒன்றுக்கும் கீழே. மீதி ஆறு போல்ட்களின் விட்டம் சரி, நீளம்தான் குறைவு.

மாற்றியவர் சோம்பேறி இல்லை, புதியவரும் இல்லை. அனுபவமுள்ள ஷிப்ட் மேனேஜர். விடியலுக்கு முந்தைய நேரம். பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டுப் புதிய போல்ட் எடுத்தார். பார்ட்ஸ் கேடலாகைத் திறந்து நம்பர் பார்க்கவில்லை. கழற்றிய பழைய போல்ட்களே உண்மையில் தவறான நீளம் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பயிற்சி வகுப்பில் இந்தச் சம்பவத்தை முதல்முறை கேட்டபோது எனக்கு வியர்த்தது. அந்த மனிதர் செய்தது, எங்கள் பட்டறையில் நான் தினமும் செய்தது.

எனவே முதல் அடிப்படை அறிவு: போல்ட்டுக்கும் பெயர் உண்டு, அந்தப் பெயரை வைத்துத்தான் அதைக் கேட்க வேண்டும். 'ஏஎன்3' என்றால் விட்டம் அங்குலத்தில் 16-ல் 3 பங்கு. 'ஏஎன்4' என்றால் 16-ல் 4, அதாவது கால் அங்குலம். தலையில் பெருக்கல் குறி மாதிரி இருந்தால் சாதாரண அலாய் ஸ்டீல். ஒற்றைக் கோடு இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல். இரண்டு கோடு இருந்தால் அலுமினிய அலாய். விரலுக்கு மூன்றின் அளவும் ஒரே மாதிரிதான் இருக்கும், தாங்கும் பளு வேறு வேறு. லைசென்ஸ் தேர்வு மாட்யூல் மாட்யூலாக, அதாவது பாடம் பாடமாக நடக்கும்; அதில் ஆறாவது மாட்யூல் முழுக்க இந்த மாதிரி பொருட்களும் உதிரிகளும்தான். மாணவர்கள் எஞ்சின் மாட்யூலை விழுந்து விழுந்து படிப்பார்கள், இதைக் கடைசி வாரத்தில் மனப்பாடம் செய்வார்கள். எனக்கு இதில் கோபமே வரும். நீங்கள் ஹேங்கரில் எஞ்சின் கழற்றும் நாட்கள் குறைவு. போல்ட்டைத் தொடாத நாள் கிடையாது.

அடுத்தது கணக்கு. பயப்பட வேண்டாம், கால்குலஸ் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு போதும், ஆனால் அது இரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும். ஒரு உதாரணம். ஒரு நட்டை 120 இன்ச்-பவுண்டுக்கு இறுக்கச் சொல்கிறது மேனுவல். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்ச் நேராக நுழையவில்லை. முனையில் 2 அங்குல நீட்டிப்பு மாட்டுகிறீர்கள். ரெஞ்சின் நீளம் 10 அங்குலம். நீட்டிப்பு ரெஞ்சுக்கு நேர்கோட்டில் இருந்தால், ரெஞ்சில் 120 வைத்து இறுக்கும்போது நட்டில் விழுவது 144. நீங்கள் வைக்க வேண்டியது 120-ஐ 10-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்த 100. தெரியாமல் 120 வைத்தாலும் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும், நீங்களும் திருப்தியாக நகர்ந்துவிடுவீர்கள். ஆனால் போல்ட் அளவுக்கு மேல் இழுபட்டு நிற்கும். அதேபோல் இன்ச்-பவுண்டு, அடி-பவுண்டு இரண்டையும் குழப்பினால் பிழை 12 மடங்கு.

அலகு விஷயத்தில் உலகமே கற்றுக்கொண்ட பாடம் 1983 ஜூலை 23-ல் கனடாவில் நடந்தது. ஏர் கனடா 143, அன்றைக்குப் புத்தம்புதிய போயிங் 767. கிலோவில் எரிபொருள் கணக்கு வைத்த விமானம். அதன் எரிபொருள் அளவுகாட்டி அன்று வேலை செய்யவில்லை. எனவே டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளந்து எடையாக மாற்றினார்கள். லிட்டருக்கு 1.77 என்ற எண்ணைப் போட்டார்கள். அது பவுண்டுக்கான எண். கிலோவுக்குச் சுமார் 0.8. தேவை 22,300 கிலோ, கிளம்பும்போது இருந்தது ஏறக்குறைய 22,300 பவுண்டு, அதாவது பாதிக்கும் கீழே. 41,000 அடியில் எஞ்சின்கள் நின்றன. விமானிகள் அதை கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் தரைப் பணியாளர்களும் உண்டு, விமானிகளும் உண்டு. பலர் பார்த்தும் தப்பு தப்பாகவே இருந்தது, ஏனென்றால் எல்லோரும் பார்த்தது ஒரே எண்ணை.

மின்சாரம் கட்டாயம் வேண்டும்: ஓம் விதி, சீரிஸ், பேரலல், மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்ப்பது, ஒயரிங் வரைபடத்தில் விரல் வைத்துக் கடைசி வரை போவது. இன்றைய விமானத்தில் மெக்கானிக்கல் பழுது என்று தொடங்குவது பாதி நேரம் ஒரு கனெக்டர் பின்னில் போய் முடியும். இயற்பியலில் அழுத்தத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பயணிகள் விமானங்களின் ஹைட்ராலிக் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. அந்தக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கிறவர் விரலை இழக்கலாம். (ஸ்கைட்ரால் என்ற ஊதா நிற ஹைட்ராலிக் திரவம் கண்ணில் பட்டவர்களைக் கேளுங்கள். எனக்கு ஒருமுறை பட்டது. மிளகாய்ப்பொடி எவ்வளவோ தேவலாம்.)

இங்கிலீஷ் பற்றித் தமிழ் மீடியம் பிள்ளைகள் அதிகம் கவலைப்படுகிறார்கள். நானும் தமிழ் மீடியம்தான். மேனுவலில் வருவது நாவல் இங்கிலீஷ் இல்லை. உலகம் முழுக்க உள்ள மெக்கானிக்குகள் குழப்பமில்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காகவே எளிமைப்படுத்தப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம் என்று ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது. ஆறு மாதம் தினம் பத்துப் பக்கம் படித்தால் பிடிபட்டுவிடும். ஒன்றை மட்டும் முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: 'வார்னிங்' என்று போட்டிருந்தால் மனிதருக்கு ஆபத்து, 'காஷன்' என்றால் விமானத்துக்குச் சேதம், 'நோட்' என்றால் கூடுதல் தகவல். முதல் இரண்டும் சம்பந்தப்பட்ட வேலைக்கு முன்னால்தான் வரும். முன்னால் வருவதை வேலை முடிந்தபிறகு படிக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, பாதைக்கு வருவோம். இந்தியாவில் இந்த லைசென்ஸுக்கான டிஜிசிஏ விதியின் பெயர் 'கார்-66'. இயற்பியல், வேதியியல், கணக்கு எடுத்து பிளஸ் டூ, அல்லது பொறியியல் டிப்ளமோ படித்தவர்கள் வரலாம். 'ஏ' பிரிவு சின்னச்சின்ன, வரையறுத்த வேலைகளுக்கு. 'பி1' என்றால் உடல்கூடு, எஞ்சின், மெக்கானிக்கல், மின்சாரம், அதில் பி1.1 டர்பைன் விமானம், பி1.3 டர்பைன் ஹெலிகாப்டர். 'பி2' ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின்னணுக் கருவிகள். பயிற்சி நிறுவனங்களுக்கான விதியான 'கார்-147'-ன்படி அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் பி1.1 அடிப்படைப் பயிற்சி 2,400 மணி நேரம். அதற்கு மேல் மாட்யூல் தேர்வுகள், சேவையில் உள்ள விமானங்களில் நேரடி அனுபவம். லைசென்ஸ் கைக்கு வந்தபிறகும் ஏ320, 737 மாதிரி பெரிய விமானத்துக்குக் கையெழுத்துப் போட அந்தந்த ரகத்துக்குத் தனியாகப் பயிற்சி முடித்து லைசென்ஸில் ஏற்ற வேண்டும்.

பெற்றோர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கல்லூரி தரும் 'கோர்ஸ் முடித்தார்' சான்றிதழ் லைசென்ஸ் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன், மூன்று வருடம் பணம் கட்டிப் படித்து முடித்தபோதுதான் அந்தப் படிப்பு லைசென்ஸ் தேர்வுக்குக் கணக்கில் வராது என்று தெரிந்தது. பிரசுரத்தில் விமானப் படம் பெரிதாக இருந்தது, அங்கீகார எண் எங்கும் இல்லை. சேருவதற்கு முன்னால் டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள். எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம், எதுவரை செல்லும் என்று பாருங்கள். நேரடி அனுபவம் எந்த ஹேங்கரில் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். "நூறு சதம் வேலை" என்று சொல்கிறவரிடம் போன வருடம் முடித்த இரண்டு பேரின் போன் நம்பர் கேளுங்கள். முகம் மாறுவது தெரியும்.

கையெழுத்து என்று மேலே சொன்னேன். அதன் எடையைப் புரியவைக்க நான் எப்போதும் சொல்வது 1983 மே 5-ம் தேதி, அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகருக்கு 172 பேருடன் போன மூன்று எஞ்சின் விமானம். முந்தைய இரவு மூன்று எஞ்சின்களிலும் எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று காட்டும் சிறு காந்த முனைகளை மாற்றினார்கள். அவற்றுக்கு எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், இருக்க வேண்டும். வழக்கமாக ரிங் மாட்டியே கைக்கு வருமாம். அன்றைக்கு எடுத்தவற்றில் ரிங் இல்லை. வேலை அட்டையில் ஓ-ரிங் போட வேண்டும் என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே கையெழுத்து மட்டும் இருந்தது. மூன்று எஞ்சினிலும் எண்ணெய் ஒழுகியது. ஒன்றை விமானிகள் நிறுத்தினார்கள், மற்ற இரண்டும் அணைந்தன. கடலுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில், முதலில் நிறுத்திய எஞ்சின் மறுபடி உயிர்பெற்றதால் மயாமிக்குத் திரும்பினார்கள். ஒரே நேரத்தில் எல்லா எஞ்சினிலும் ஒரே ஆள் ஒரே வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்வதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

இந்த மாதிரி தவறுகள் ஏன் நடக்கின்றன என்பதற்கே ஒன்பதாவது மாட்யூல். 1993-ல் கனடாவின் கோர்டன் டுபான்ட் பராமரிப்புத் தவறுகளுக்கான பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். களைப்பு, அவசரம், கவனச்சிதறல், "எனக்குத் தெரியும்" என்ற மிதப்பு என்று போகிறது. மாணவர்கள் இதை எளிய மாட்யூல் என்பார்கள். மார்க் வாங்க எளிதுதான். அதிகாலை நாலு மணிக்கு, வெளியே மழை, ஆறு மணிக்கு விமானம் கிளம்ப வேண்டும், பாதி வேலையில் போன் அடிக்கிறது. எந்த ஸ்டெப்பில் விட்டோம்? தெரியாவிட்டால் மூன்று ஸ்டெப் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். அதைச் செய்ய வெட்கப்படாதவர்தான் எனக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டிய ஆள்.

டூல் கணக்கும் அப்படித்தான். எங்கள் டூல் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய குழி உண்டு. எது இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும். நான் பயிற்சியில் இருந்த இரண்டாம் வருடம், இரவு ஷிப்ட் முடிவில் ஒரு குழி காலி. கால் அங்குல சாக்கெட். இறக்கைக்குக் கீழே ஒரு பேனலை நான்தான் மூடியிருந்தேன். சொன்னால் விமானம் நிற்கும், சொல்லாவிட்டால் யாருக்கும் உடனே தெரியாது. வயிற்றைக் கலக்கியது. இரண்டு நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார், விமானத்தை நிறுத்தினார். மூடிய பேனல்களை எல்லாம் திறந்தோம். டார்ச்சும் கண்ணாடியும் வைத்து மூன்று மணி நேரம் தேடினோம். பயணிகள் டெர்மினலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கடைசியில் இன்ஜினியர் என்னை ஓரமாக நிற்கவைத்து, "ஓவரால்ஸை உதறு" என்றார். இடதுகால் மடிப்பிலிருந்து அது தரையில் விழுந்து உருண்டது.